ஒரே படம், நாலு கணக்கு: ஜூன் 16 பற்றிப் பிள்ளை எதை எழுதுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மெர்பேங்கிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில் 1976 ஜூன் 16 அன்று ஊர்வலம் போன மாணவர்களைப் போலீஸ் சுட்டது பற்றி வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். செத்தவர்கள் 23 பேர் என்று ஓர் இடத்தில் இருக்கிறது, 176 என்று இன்னோர் இடத்தில், 575 என்கிறது ஒரு செய்தி, 700 என்கிறது வாட்ஸ்அப். குண்டடிபட்ட பையனைத் தூக்கிக்கொண்டு ஓடும் புகைப்படம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றேதான். 1942-இல் பிறந்த தாத்தாவோ, “அப்போ எங்க பேப்பர்ல இப்படியெல்லாம் வரவே இல்ல, எனக்கு 49-தான் கண்ணுக்குள்ள நிக்குது” என்று 1949 டர்பன் வன்முறையைச் சொல்கிறார். இதில் யார் சொல்வதை எழுதுவது?

எண்ணைத்தான் கேட்கிறார் என்று தோன்றும். உண்மையில் அவர் கேட்பது இது: நடந்தது ஒரே நாள், அதைப் பத்திரிகையும் வானொலியும் டிவியும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏன் வேறு வேறு மாதிரி சொல்லி வந்தன? அதில் பிள்ளை நம்பி எடுத்துக்கொள்ளக் கூடியது எது? என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தகவலையும் அது முதன்முதலில் வெளிவந்த நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அன்றைக்குக் கேமரா எங்கே நின்றது, யாருக்கு அச்சிட அனுமதி இருந்தது என்ற இரண்டையும் பாருங்கள். பழைய பத்திரிகைக் கட்டுகளோடு வேலை செய்கிறவர்கள் செய்வது இதைத்தான். பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் இது கைக்கெட்டாத வேலை இல்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் பார்ப்போம். 1976 ஜூன் 16 ஒரு புதன்கிழமை. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் கணிதத்தையும் சமூக அறிவியலையும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் நடத்த வேண்டும் என்று அரசு உத்தரவிட்டிருந்தது. அந்த மொழி பல ஆசிரியர்களுக்கே சரியாக வராது. சொவேட்டோவின் ஓர்லாண்டோ வெஸ்ட் பகுதியில் இருந்த ஃபெஃபேனி பள்ளிப் பிள்ளைகள் மே மாதமே வகுப்பைப் புறக்கணித்துவிட்டார்கள். ஜூன் 16 காலை நலேடி, மோரிஸ் ஐசக்சன் உள்ளிட்ட பள்ளிகளிலிருந்து மாணவர்கள் ஓர்லாண்டோ மைதானத்தை நோக்கி ஊர்வலமாகக் கிளம்பினார்கள். ஓர்லாண்டோ வெஸ்டில் போலீஸ் சுட்டது. மொழித் திணிப்பு என்ற சொல்லோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. மகள் தயங்காமல் எழுதலாம்.

இனி எண்கள். நாலும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தெரிகின்றன. ஆனால் அவை நாலு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். 23 என்பது முதல் நாளுக்கு அரசு தரப்பு சொன்ன கணக்கு. கொந்தளிப்பு மற்ற ஊர்களுக்கும் பரவிய பிறகு, முதல் சில நாட்களுக்கு என்று வந்தது 176. 575 என்பது நீதிபதி சிலியே தலைமையில் அரசு அமைத்த விசாரணைக் கமிஷன் தந்தது. அது 1976 ஜூன் 16 முதல் 1977 பிப்ரவரி 28 வரை, நாடு முழுவதற்குமான கணக்கு. அதில் 494 பேர் ஆப்பிரிக்கர், 75 பேர் கலப்பினத்தவர் என்று அரசு வகைப்படுத்தியவர்கள், 5 பேர் வெள்ளையர், ஒருவர் இந்தியர். 451 பேர் போலீஸ் நடவடிக்கையில் இறந்தார்கள் என்று அரசின் கமிஷனே ஒப்புக்கொண்டது. 700 என்பது, அரசுக் கணக்கில் விடுபட்டவர்கள் உண்டு என்று கருதுகிறவர்கள் சொல்லும் மேல்வரம்பு மதிப்பீடு.

ஆகவே ‘ஜூன் 16 அன்று சொவேட்டோவில் 575 மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்’ என்று ஒரு செய்தி சொன்னால் அதில் நாலு தப்பு இருக்கிறது. அது ஒரு நாள் கணக்கு இல்லை, ஓர் ஊர்க் கணக்கு இல்லை, எல்லோரும் மாணவர்கள் இல்லை, எல்லோரும் குண்டடி பட்டுச் சாகவும் இல்லை. ஆண்டு நினைவுநாளில் அவசரமாக எழுதப்படும் செய்திகளில் இந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. எண்ணைக் கொண்டு வருகிறவர் அதன் எல்லையை வழியிலேயே உதிர்த்துவிடுகிறார். மகளிடம் சொல்லுங்கள்: எண் எழுதினால் பக்கத்திலேயே மூன்று விஷயங்களையும் எழுத வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஊர், எண்ணியது யார். இந்த மூன்றும் இல்லாத எண்ணை எடுக்க வேண்டாம்.

சரியான எண் எது என்று கேட்டால், முடிவான ஒன்று இல்லை என்பதே நேர்மையான விடை. அதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கிக் காயத்தோடு வந்தவர்களின் பட்டியலைத் தரும்படி சொவேட்டோவின் பாரக்வனாத் மருத்துவமனையிடம் போலீஸ் கேட்டது. பெயரைக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தெரிந்த மருத்துவர்கள், குண்டுக் காயத்தைச் ‘சீழ்க்கட்டி’ என்று பதிவேட்டில் எழுதினார்கள். உயிரைக் காத்த அந்தப் பொய்தான் பின்னால் கணக்கெடுக்க வந்தவர்களுக்குத் தடையாக நின்றது. கைதுக்குப் பயந்து மருத்துவமனைப் பக்கமே போகாதவர்களும் உண்டு. இப்படிப்பட்ட நாட்களில் ஆவணம் குறைவாகச் சொல்வதற்கு அரசின் மறைப்பு ஒரு காரணம், மக்களின் தற்காப்பு இன்னொரு காரணம்.

அடுத்தது அந்தப் படம். நினைவு எப்படி உருவாகிறது என்பதை அருகில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல பொருள் இல்லை. எடுத்தவர் ‘தி வேர்ல்ட்’ பத்திரிகையின் சாம் நிஸிமா. மேலங்கிக் கால்சட்டை போட்ட ஓர் இளைஞன் குண்டடிபட்ட பையனை இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், உள்ளங்கையை விரித்துத் தூக்கி, வாய்விட்டு அழுதபடி ஓடுகிறாள். பையன் ஹெக்டர் பீட்டர்சன். தூக்கியவர் ம்புயிசா மகூபோ. அந்தப் பெண் ஹெக்டரின் அக்கா ஆன்ட்டனெட். நிஸிமா தொடர்ச்சியாக ஆறு படங்கள் எடுத்தார். பெண் நிருபர் சோஃபி டேமா வந்திருந்த பத்திரிகைக் காரில் பையனை ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்தார்கள். போய்ச் சேரும்போது உயிர் இல்லை. போலீஸ் ஃபிலிமைப் பிடுங்கும் என்று தெரிந்த நிஸிமா, அதைக் கழற்றிக் காலுறைக்குள் ஒளித்து, டிரைவர் வழியாக ஜோஹன்னஸ்பர்க் அலுவலகத்துக்கு அனுப்பினார். இன்று உலகமே வைத்திருக்கும் நினைவு ஒரு காலுறைக்குள் தப்பித்துப் போனது. ஆறு படங்களில் ஒன்றுதான் நிலைத்தது, மற்ற ஐந்தைக் கண்டவர்கள் குறைவு. நாம் ‘அந்த நாள்’ என்று சொல்வது சில விநாடிகளில் எடுத்த ஒற்றைப் படத்தைத்தான்.

படக்குறிப்புகளில் நடக்கும் தப்புகளையும் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். வயதைச் சிலர் 12 என்றும் சிலர் 13 என்றும் போடுகிறார்கள். 1963 ஆகஸ்டில் பிறந்தவன் என்ற பதிவுப்படி அன்று அவனுக்கு 12 முடிந்து 13 நடந்துகொண்டிருந்தது. நம் வீடுகளிலும் வயதை இரண்டு விதமாகவும் சொல்கிறோம் அல்லவா? 12 என்று எழுதுவதே சரி. குடும்பத்தின் மூலப் பெயர் பிட்சோ. கலப்பினத்தவராகப் பதிவாவதற்காகப் பீட்டர்சன் ஆனது. வெள்ளையர் ஆட்சியில் அந்தப் பதிவு கொஞ்சம் சலுகை தந்தது. அந்த மாற்றுப் பெயரிலும் எழுத்துகள் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறுகின்றன. பழைய இதழ்களில் தேடும்போது ஓர் எழுத்துமுறையோடு நிறுத்தினால் பாதிச் செய்தி கிடைக்காது. தூக்கி ஓடியவரை அண்ணன் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது தப்பு, அவர் உறவினர் இல்லை. இப்போது கணினியில் வண்ணம் ஏற்றிய படங்களும் பரவுகின்றன. நிஸிமா எடுத்தது கறுப்பு வெள்ளை. ஏற்றிய வண்ணம் யாரோ ஒருவரின் ஊகம். சீருடை நிறம் இன்னது என்று அதைப் பார்த்து எழுதக் கூடாது.

இந்தப் படத்தால் வந்த பெரிய பிழை ஒன்று இருக்கிறது. ‘முதலில் சுடப்பட்டவன் ஹெக்டர்’ என்று பல இடங்களில் படிப்பீர்கள். ஹேஸ்டிங்ஸ் இந்த்லோவு என்ற 15 வயது மாணவன் அவனுக்கு முன்பே சுடப்பட்டான் என்பதே இப்போது பலரும் ஏற்கும் கருத்து. ஆனால் அவன் விழுந்த இடத்தில் கேமரா இல்லை. படம் இல்லாததால் பெயரும் பின்னுக்குப் போனது. எந்தக் குண்டு எந்த நொடியில் பாய்ந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆகவே ‘முதலில் இறந்தவர்களில் ஒருவன்’ என்று எழுதினால் யாருக்கும் அநியாயம் இல்லை. இது பழைய காலத்துக் குறை மட்டும் அல்ல. 2012 ஆகஸ்ட் 16 மரிகானாவில் சுரங்கத் தொழிலாளர்கள் 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதில் 17 பேர் டிவி கேமராக்களின் முன்னால் விழுந்தார்கள். மற்ற 17 பேர் சற்றுத் தள்ளி, பாறைகளுக்கு நடுவே, கேமரா இல்லாத இடத்தில் கொல்லப்பட்டார்கள். அந்த இரண்டாம் இடத்தைப் பற்றிய செய்தி பின்னால்தான் மெல்ல வெளிவந்தது. டிவியில் பார்த்தவர்கள் பாதியை மட்டும் பார்த்தார்கள்.

இப்போது தாத்தாவிடம் வருவோம். “எங்க பேப்பர்ல வரல” என்று அவர் சொல்வதைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம். கலவரம் என்ற செய்தி டர்பன் நாளிதழ்களில் வரத்தான் செய்தது. ஆனால் இன்று அவர் பேத்தி பார்க்கிற சொவேட்டோ அன்று அவருக்குக் காட்டப்படவில்லை. படம் வெளியான ‘தி வேர்ல்ட்’ ஜோஹன்னஸ்பர்க்கின் கறுப்பின வாசகர்களுக்கான பத்திரிகை, மெர்பேங்கில் வாங்கும் பேப்பர் இல்லை. டிவி இந்த நாட்டுக்கு வந்தே ஐந்து மாதம்தான், 1976 ஜனவரி 5-இல் தொடங்கியது. ஒரே சேனல், அரசின் கையில், ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும் மட்டும். பிறகு 1977 அக்டோபர் 19 அன்று ‘தி வேர்ல்ட்’ பத்திரிகையையே அரசு தடை செய்தது, ஆசிரியர் பெர்சி கொபோசாவைச் சிறையில் வைத்தது. நிஸிமா அதற்கு முன்பே மிரட்டல் தாங்காமல் வேலையை விட்டு லில்லிடேல் கிராமத்துக்குப் போய்விட்டார். தான் எடுத்த படத்தின் உரிமை 1998-இல்தான் அவர் கைக்கு வந்தது. ம்புயிசா நாட்டைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. 1978-இல் நைஜீரியாவிலிருந்து தாய்க்கு ஒரு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. படம் உலகம் சுற்றியபோது அதை எடுத்தவரும் அதில் இருந்தவரும் ஒளிந்து வாழ்ந்தார்கள்.

டர்பன் தமிழர் வீடுகளில் 1976 வேறு வழியாகவும் நுழைந்தது. சத்ஸ் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் நம் டர்பன் பிள்ளைகள். கறுப்பு விழிப்புணர்வு இயக்கத்தில் இருந்ததற்காக அவர்கள் மீதும் தோழர்கள் மீதும் பிரிட்டோரியாவில் வழக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. சொவேட்டோ வெடிப்பதற்கு ஒரு மாதம் முன்பு, மே மாதத்தில், அந்த இயக்கத்தின் தலைவர் ஸ்டீவ் பிக்கோ அந்த வழக்கில் சாட்சி சொன்னார். அது பத்திரிகைகளில் வந்தது, இளைஞர்கள் படித்தார்கள். அந்த டிசம்பரில் தண்டனை விழுந்து ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். தாத்தாவிடம் “சொவேட்டோ ஞாபகம் இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்பார். “சத்ஸ், ஸ்ட்ரினி கேஸ் நடந்தப்போ வீட்ல என்ன பேசிக்கிட்டாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். கதவு திறக்க வாய்ப்பு அதிகம்.

எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு, அதாவது உங்கள் தலைமுறைக்கு, ஜூன் 16 பத்திரிகையில் இருந்ததைவிடக் கோவிலிலும் சாவு வீட்டிலும் இருந்தது. சொவேட்டோவின் ரெஜினா முண்டி தேவாலயத்தில் ஆண்டுதோறும் வழிபாடு நடக்கும், போலீஸ் சூழ்ந்து நிற்கும். பத்தாம் ஆண்டு நினைவுக்கு நாலு நாள் முன்னால், 1986 ஜூன் 12 அன்று, அரசு நாடு முழுக்க அவசரநிலையை அறிவித்தது. எதை அச்சிடலாம் என்பதற்கே கட்டுப்பாடு வந்தது. ‘வீக்லி மெயில்’ வாரப் பத்திரிகை தன் செய்திகளின் வரிகளைக் கறுப்பு மையால் அடித்தே வெளியிட்டது. அந்த ஆண்டின் ஜூன் இதழ்களில் சொவேட்டோ பற்றி எதுவும் கிடைக்கவில்லை என்றால் மக்கள் மறந்துவிட்டார்கள் என்று எழுதிவிடக் கூடாது. பழைய பேப்பரைப் படிக்கிறவர்கள் வழக்கமாக விழும் குழி இதுதான். வெற்றிடம் எதனால் வந்தது என்று பார்க்காமல் அதை மறதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வெள்ளையர் ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு அரசே நினைவுகூரத் தொடங்கியது. 1995 முதல் ஜூன் 16 பொது விடுமுறை, பெயர் இளைஞர் தினம். 1996-இல், வெள்ளையர் ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் உட்கார்ந்தபோது தாய்மார்கள் பேசியது வானொலியில் வீடு வீடாகக் கேட்டது. 2002-இல் ஓர்லாண்டோ வெஸ்டில் ஹெக்டர் பீட்டர்சன் அருங்காட்சியகம் திறந்தார்கள். இது பெரிய நன்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருபது வருடம் ஒளிந்திருந்த பெயர்கள் சுவரில் ஏறின. ஆனால் பெயர் மாற்றத்தில் ஒன்று கைநழுவியது. ‘சொவேட்டோ நாள்’ என்றபோது ஓர் ஊரும் ஒரு துப்பாக்கியும் அதில் இருந்தன. ‘இளைஞர் தினம்’ என்றதும் யார் சுட்டார் என்பது பெயரிலிருந்து போய்விட்டது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் ஊரில் போலீஸ் கூட்டத்தைச் சுட்ட நாள் ‘மனித உரிமை தினம்’ ஆனதும் இப்படித்தான். இப்போது ஜூன் 16 அன்று பள்ளிச் சீருடை போட்டு விருந்துக்குப் போகிறார்கள், கடைகள் தள்ளுபடி விளம்பரம் போடுகின்றன. பிள்ளைகளைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. வாசலில் எழுதிய பெயரைப் பார்த்துத்தானே அவர்கள் உள்ளே வருகிறார்கள்?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1976 பத்திரிகைகள் இதைக் ‘கலவரம்’ என்றன. அது அரசின் சொல், அடித்துக்கொண்டவர்கள் இரு தரப்பு என்ற தோற்றம் தரும். ‘படுகொலை’ என்றால் அந்தக் காலை வேளை மட்டும் நிற்கும், பிறகு பல மாதம் நடந்த போராட்டம் மறைந்துவிடும். நான் பிரித்து எழுதுவேன்: ஜூன் 16 காலை நடந்தது துப்பாக்கிச் சூடு, அதிலிருந்து 1977 தொடக்கம் வரை நடந்தது எழுச்சி. பழைய செய்தியை எடுத்துக்காட்டும்போது மட்டும் கலவரம் என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே விடுங்கள். அதை மாற்றினால் அன்றைய பத்திரிகையின் பார்வை தெரியாமல் போய்விடும்.

தாத்தா சொன்ன 49-ஐ ஒதுக்கிவிட வேண்டாம். ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையிலான அந்த வன்முறை 1949 ஜனவரி 13 மாலை டர்பனில் தொடங்கி 15 வரை நடந்தது. அப்போது அவருக்கு ஆறேழு வயது. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 142 பேர்: ஆப்பிரிக்கர் 87, இந்தியர் 50, வெள்ளையர் 1, அடையாளம் தெரியாதவர்கள் 4. காயம்பட்டவர்கள் 1,087 பேர். இந்த எண்ணைப் பார்த்ததும் நம் வீடுகளில் பலர் திடுக்கிடுவார்கள், ஏனென்றால் நம்மிடையே சொல்லப்படும் கதையில் செத்தவர்கள் நம்மவர்கள் மட்டும்தான். ஆப்பிரிக்கர் கணக்கில் போலீஸும் ராணுவமும் சுட்டுக் கொன்றவர்களும் அடக்கம். 1949-க்கு ஊர் அறிந்த ஒற்றைப் படம் கிடையாது, விடுமுறை கிடையாது. அதனால் அது பத்திரிகையில் தங்கவில்லை, சமையலறையில் தங்கியது. சமையலறை நினைவு பயத்தை நன்றாகக் காப்பாற்றும், எண்ணிக்கையை அவ்வளவாகக் காப்பாற்றாது. 2021 ஜூலையில் குவாசூலு-நட்டாலிலும் கௌடெங்கிலும் நடந்த வன்முறையில் 350-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், டர்பனை ஒட்டி இந்தியர் அதிகம் வாழும் பீனிக்ஸில் மட்டும் 36 பேர் என்று காவல்துறை அமைச்சர் சொன்னார். அப்போது 1949 ஒரே இரவில் எல்லோர் வாயிலும் வந்தது. எழுபது வருடம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்த நினைவு, சரிபார்க்கப்படாமலே ஃபோனுக்கு ஃபோன் தாவியது. மகள் இதை எழுதுவதென்றால் இரண்டு பக்கத்து இறந்தவர்களின் எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை.

பேட்டி எடுக்கும் முறை இது. படத்தை முதலில் காட்டாதீர்கள். காட்டிவிட்டால் தாத்தா தன் நினைவை விட்டுவிட்டுப் படத்தை விவரிக்கத் தொடங்குவார், அவருக்கே வித்தியாசம் தெரியாது. அமைதியான அறை, குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்காத இடம். ஃபோனை ‘ஏரோப்ளேன் மோடில்’ போட்டு, அவர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, மடித்த துணியின் மேல் வையுங்கள். ஒரு நிமிடம் பேசவிட்டுப் போட்டுக் கேளுங்கள், பிறகு தொடங்குங்கள். முதலில் தேதி, இடம், பேசுகிறவர், கேட்கிறவர் பெயர், பள்ளியில் பயன்படுத்த அவர் தரும் சம்மதம் ஆகியவை அவர் குரலிலேயே பதிவாகட்டும். நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எண்பதைத் தாண்டியவர் அதன் பிறகு கேட்கிறவர் விரும்புவதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். “பயமா இருந்துச்சா?” என்று கேட்டால் ஆமாம் என்பார். “அன்னிக்கு வேலைக்குப் போனீங்களா? யார் சொல்லி முதல்ல தெரிஞ்சுது? வீட்ல எந்தப் பேப்பர் வாங்கினீங்க?” என்று கேட்டால் அவருடையது வரும். தமிழும் ஆங்கிலமும் சூலுவும் கலந்து பேசினால் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

அவர் சொன்னதைச் சரிபார்க்கச் சில காலக்கற்கள் போதும். “லோட்டஸ் ரேடியோவுல கேட்டேன்” என்றால் அது 1976 நினைவு இல்லை, லோட்டஸ் தொடங்கியது 1983-இல். “சொவேட்டன் பேப்பர்ல பார்த்தேன்” என்றால் 1981-க்குப் பிந்தியது. “லீவு விட்டாங்க” என்றால் 1995-க்குப் பிந்தியது. இதைப் பிடித்துவிட்டோம் என்று தாத்தாவை மடக்க வேண்டாம். எந்த ஆண்டு நினைவுநாளில் இந்தச் செய்தி அவரிடம் வந்து சேர்ந்தது என்பதற்கு அது நல்ல தடயம், பாடவேலையில் அதையே ஒரு பத்தியாக எழுதலாம். அச்சில் பார்க்க வேண்டுமென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் முசுண்டுசி நூலகத்துக்குப் போங்கள். நாட்டில் அச்சாகும் எல்லாவற்றின் பிரதியும் சட்டப்படி போய்ச் சேரும் நூலகங்களில் அது ஒன்று. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி–லுதூலி ஆவண மையத்தில் நம் சமூகத்துப் பத்திரிகைகள் உண்டு. போகும் முன் தொலைபேசியில் தேதியைச் சொல்லி வையுங்கள், பத்திரிகைக் கட்டுகளை எடுத்து வைக்க நேரம் வேண்டும். ஜூன் 16 புதன் என்பதால் நாளிதழில் 17, 18 இரண்டையும், வாரப் பத்திரிகையில் அடுத்த இரண்டு இதழ்களையும் கேளுங்கள். முதல் பக்கத்தோடு நிற்காமல் ஆசிரியருக்குக் கடிதம் பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊர் என்ன பேசியது என்பது அங்கேதான் இருக்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஒரு தாத்தாவின் பேட்டி ஒரு வீட்டைச் சொல்லும், மெர்பேங்கையே சொல்லாது. ‘டர்பன் தமிழர்கள் இப்படி நினைத்தார்கள்’ என்று அதை வைத்து எழுத முடியாது, ‘என் தாத்தா இப்படிச் சொன்னார்’ என்று எழுதலாம். பேட்டியும் பேப்பரும் முரண்பட்டால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, எது எப்போது சொல்லப்பட்டது என்று குறிக்கட்டும்.

எல்லாம் பேசி முடித்த பிறகு, பதிவை நிறுத்தாமல், அந்தப் படத்தைத் தாத்தாவின் கையில் கொடுங்கள். காகிதத்தில் அச்செடுத்துக் கொடுப்பது நல்லது, ஃபோன் திரையில் விரல் பட்டால் நகர்ந்துவிடும். கீழே ‘படம்: சாம் நிஸிமா, 1976’ என்று இருக்கட்டும். மகள் ஒன்றும் கேட்காமல் ஒரு நிமிடம் காத்திருக்கட்டும். அவர் முதலில் சொல்லும் வாக்கியத்தை, எந்தச் சொல்லும் மாறாமல், தாளின் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள்.